ஓயாத சளியும் இருமலும்: எதற்குப் பயப்பட வேண்டும், எதை விட்டுவிடலாம்

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன், சரியா என்று பாருங்கள். மகளுக்கு இரண்டேகால் வயது, எடை 12 கிலோ. ஜூன் மாதம் பெங்களூரு மாரத்தஹள்ளியில் ஒரு பிளேஸ்கூலில் சேர்த்தீர்கள். அன்று முதல் மாதத்துக்கு இரண்டு தடவை சளி, இருமல், நடுநடுவே காய்ச்சல். இதுவரை நான்கு முறை ஆன்டிபயாடிக் கொடுத்தாகிவிட்டது. வீட்டுக்கே நெபுலைசர் வாங்கிவிட்டீர்கள். தினமும் இரவு மான்டிலூகாஸ்ட் என்ற ஆஸ்துமா, ஒவ்வாமை மருந்து சிரப்பாகப் போகிறது. சேலத்திலிருந்து வந்திருக்கும் உங்கள் மாமியார், இந்த ஊர்க் குளிர் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை, பிரைமரி காம்ப்ளக்ஸ் (குழந்தைகளுக்கு வரும் காசநோய்) இருக்கிறதா என்று பாருங்கள் என்கிறார். எந்த மருந்து நல்லது என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ளத் துடிப்பது வேறு என்று நினைக்கிறேன். பிள்ளையின் உடம்பில் ஏதாவது குறை இருக்கிறதா? இந்த ஊரில் வளர்ப்பதுதான் தப்பா? ராத்திரி இரண்டு மணிக்கு இருமினால் எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், எப்போது தோளில் போட்டுத் தட்டினால் போதும்?

முதலில் என் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். நான் மதுரையில் குழந்தை மருத்துவம் படித்துவிட்டுப் பெங்களூருவுக்கு வந்தவன். பல ஆண்டுகளாக இங்கேயே குழந்தைகளைப் பார்த்துவருகிறேன். என்னிடம் வருகிறவர்களில் நம் ஊர்க்காரர்கள் நிறைய. ஆனால் உங்கள் மகளின் நெஞ்சில் நான் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்க்கவில்லை. அவளுக்கு இன்ன நோய், இன்ன மருந்தை நிறுத்துங்கள் என்று இங்கிருந்துகொண்டு சொல்வது முறையாகாது. இப்படிப்பட்ட பிள்ளைகளிடம் பொதுவாக என்ன நடக்கிறது, அதில் எது உறுதி, எதில் டாக்டர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை என்பதைச் சொல்கிறேன். அடுத்த முறை உங்கள் டாக்டரிடம் என்ன கேட்கலாம் என்பது அதிலிருந்து தெளிவாகும்.

உறுதியாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குவோம். பள்ளி வயது வராத, நல்ல ஆரோக்கியமுள்ள ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 6 முதல் 8 முறை சளி பிடிக்கும். பிளேஸ்கூல், டேகேர் போகும் குழந்தைக்கு 10, 12 முறை கூட வரும். ஒவ்வொரு முறையும் மூக்கொழுகல் 10 நாள், இரண்டு வாரம் நிற்கும். இருமல் மூன்று வாரம் வரை இழுக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டில் பாதி நாள் பிள்ளை மூக்கொழுகிக்கொண்டோ இருமிக்கொண்டோ இருக்கிறாள் என்றாகிறது. இந்த 10 முறையும் பன்னிரண்டு மாதத்துக்கும் பங்கு பிரித்து வருவதில்லை. மழை தொடங்கும் ஜூனிலிருந்து பனி குறையும் ஜனவரி வரை நெருக்கி வரும். அதனால்தான் ஒன்று விடுவதற்குள் அடுத்தது பிடிக்கிறது. பெற்றோருக்கு அது ஒரே நீண்ட நோயாகத் தெரிகிறது. உண்மையில் அடுத்தடுத்து வரும் வெவ்வேறு வைரஸ்கள். ரைனோ வைரஸில் மட்டும் 150-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஒன்றுக்கு உண்டாகும் எதிர்ப்பு மற்றதைத் தடுக்காது. பிளேஸ்கூலின் முதல் ஆண்டுதான் மிகவும் மோசமான ஆண்டு. சிறு வயதில் டேகேரில் இப்படி அவதிப்பட்ட குழந்தைகளுக்குப் பெரிய பள்ளிக்குப் போகும் வயதில் சளி குறைவாகவே வருகிறது என்று நீண்ட காலம் பின்தொடர்ந்து செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

அப்படியென்றால் பெங்களூரு காரணமா? குளிர் தானாகச் சளியை உண்டாக்காது, வைரஸ் வேண்டும். இந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது, சேலத்தைவிடக் குளிர்தான். மழை நாட்களில் ஜன்னலைச் சாத்திவிட்டு இருபது பிள்ளைகளை ஓர் அறையில் உட்காரவைத்தால் ஒன்றின் மூக்கில் இருப்பது நான்கு நாளில் எல்லார் மூக்கிலும் இருக்கும். விடுமுறைக்குச் சேலம் போனால் பிள்ளை தேறிவிடுவதை உங்கள் மாமியார் கண்ணால் பார்த்திருப்பார், அது பொய்யில்லை. அங்கே தாத்தா பாட்டியோடு வீட்டில் இருக்கிறாள், சளி பிடித்த பத்துப் பிள்ளைகள் பக்கத்தில் இல்லை. அங்கேயே ஒரு பிளேஸ்கூலில் சேர்த்தாலும் இதே கதைதான் நடக்கும். அதே சமயம் இந்த ஊரின் மேல் ஒரு நியாயமான புகார் உண்டு. கட்டட வேலைத் தூசியும் வாகனப் புகையும், மூச்சுக்குழாய் சுருங்கும் இயல்புள்ள பிள்ளைகளுக்கு வீசிங் என்ற மூச்சிரைப்பை அதிகமாக்கும். வீட்டுக்குள் கொசுவர்த்திச் சுருள், சாம்பிராணிப் புகை, பால்கனியில் யாராவது பிடிக்கும் சிகரெட் ஆகியவையும் அதே வேலையைத்தான் செய்யும். ஊரை மாற்ற முடியாவிட்டாலும் இவற்றை இன்றைக்கே நிறுத்தலாம். தயிர், வாழைப்பழம், தலைக்குக் குளித்தது இவற்றால் சளி வருவதில்லை. பசிக்கும் பிள்ளைக்குத் தயிர்சாதம் மறுப்பதால் இளைப்பதுதான் மிச்சம்.

இந்தப் பதிலில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வையுங்கள்: சளியைக் கவனிப்பதை விட்டு மூச்சைக் கவனியுங்கள். என்னிடம் வரும் அம்மாக்கள் சளியின் நிறத்தை அவ்வளவு துல்லியமாகச் சொல்வார்கள். வெள்ளையாக இருந்தது, நேற்று மஞ்சள், இன்று பச்சை என்பார்கள். நம் உடம்பின் வெள்ளையணுக்கள் வைரஸோடு போராடி மடியும்போது அவற்றிலுள்ள ஒரு நொதியால் சளி பச்சையாகிறது. சாதாரணச் சளியிலும் மூன்றாம், நான்காம் நாளில் பச்சை வரும். பாக்டீரியா வந்துவிட்டது, ஆன்டிபயாடிக் வேண்டும் என்பதற்கு அது அடையாளம் இல்லை. முதுகில் கை வைத்தால் கரகரவென்று அதிர்கிறது, நெஞ்சு முழுக்கச் சளி கட்டிவிட்டது என்பதும் அப்படித்தான். பெரும்பாலும் அது தொண்டையிலும் மூக்கின் பின்புறத்திலும் நிற்கும் சளியின் சத்தம். குழந்தையின் நெஞ்சு சின்னது, சுவர் மெல்லியது, அதனால் முதுகு வரை அதிர்கிறது. இந்த வயதில் பிள்ளைக்குக் காறித் துப்பத் தெரியாது. விழுங்கிவிடும், வாந்தியிலோ மலத்திலோ போய்விடும். வெளியே வரவில்லையே என்று அதை எடுப்பதற்கு மருந்து தேட வேண்டியதில்லை.

மூச்சைக் கவனிப்பது எப்படி? பிள்ளை தூங்கும்போதோ அமைதியாக மடியில் இருக்கும்போதோ பாருங்கள். அழும்போது எண்ணினால் கணக்குத் தப்பும். சட்டையை நெஞ்சுக்கு மேல் தூக்கிவிடுங்கள். விளக்கைப் போடுங்கள். கைப்பேசியில் ஒரு நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள். வயிறு ஒருமுறை மேலே எழுந்து இறங்கினால் ஒரு மூச்சு. பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்காதீர்கள். சின்னக் குழந்தைகள் நடுவில் சற்று நிறுத்தி மூச்சு விடுவார்கள், முழு நிமிடமும் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு நிமிடத்துக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இந்த எண்ணை எட்டினாலோ தாண்டினாலோ வேகமான மூச்சு என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. உங்கள் மகளுக்கு 40 என்பதுதான் கோடு. காய்ச்சல் அடிக்கும்போது மூச்சு எப்படியும் வேகமாகத்தான் இருக்கும். பாராசிட்டமால் கொடுத்து, சூடு தணிந்தபின் மறுபடி எண்ணுங்கள். அப்போதும் 40 அல்லது அதற்கு மேல் என்றால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

எண்ணிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சின் கீழ் விளிம்பையும் பாருங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது வயிறும் நெஞ்சும் சேர்ந்து எழ வேண்டும். வயிறு எழும்போது விலா எலும்புக்குக் கீழே உள்ள இடம் உள்வாங்கிக் குழிந்தால் அது சாதாரணச் சளி இல்லை. மூக்குத் துளைகள் விரிவது, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகல் சத்தம் கேட்பது, உதடோ நாக்கோ நீலம் பாய்வது, தண்ணீர் கூடக் குடிக்க முடியாமல் போவது, எழுப்பினால் சரியாக விழிக்காமல் துவண்டு கிடப்பது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அருகில் குழந்தைகளுக்கான அவசரப் பிரிவும் ஆக்சிஜன் வசதியும் உள்ள ஆஸ்பத்திரி எது என்று இப்போதே பார்த்து வையுங்கள். வாகனம் கிடைக்காவிட்டால் 108. மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் வேறு அடையாளம் எதுவும் இல்லாவிட்டாலும் உடனே காட்ட வேண்டும். உங்கள் மகளுக்கு அந்த வயது கடந்துவிட்டது, மற்றவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் சொல்கிறேன். கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் பல வீடுகளில் இருக்கிறது. பெரியவர்கள் விரலுக்கானது பிள்ளையின் குட்டி விரலில் சரியாக உட்காராது, கையை ஆட்டினாலே 85 என்று காட்டிப் பதற வைக்கும். அது நல்ல எண்ணைக் காட்டினாலும், நெஞ்சு குழிகிறது என்றால் உங்கள் கண்ணை நம்புங்கள்.

சளிக்கு அப்பால் இந்த வயதில் வரக்கூடியவற்றையும் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு வயதுக்குள், குறிப்பாக ஆறு மாதத்துக்குள், ஆர்எஸ்வி என்ற வைரஸ் நுண்ணிய மூச்சுக்குழாய்களை வீங்கச் செய்யும். அதைப் பிராங்கியோலைட்டிஸ் என்போம். மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை உச்சத்தில் இருந்து பிறகு தணியும். அதற்கு ஆன்டிபயாடிக்கோ ஸ்டீராய்டோ பயன்படாது. ஆக்சிஜன் குறைந்தால் ஆக்சிஜன், குடிக்க முடியாவிட்டால் டிரிப்ஸ், மூக்கைச் சுத்தமாக வைப்பது, இவ்வளவுதான் சிகிச்சை. அடுத்தது குரூப். சாயங்காலம் வரை நன்றாக விளையாடிய பிள்ளை நடுராத்திரியில் நாய் குரைப்பதுபோல் இருமிக்கொண்டு எழுந்துவிடும். மூச்சை உள்ளிழுக்கும்போது ஒரு கீச்சொலி. பெற்றோர் நடுங்கிப்போவார்கள். குரல்வளைப் பக்கம் வீங்குவதால் வருவது இது. பிள்ளையை அழவிடாமல் நிமிர்த்தி வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனால், டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை ஒரே ஒரு வேளை வாய்வழியாகக் கொடுப்பார்கள். சில மணி நேரத்தில் நன்றாகத் தணியும். ஸ்டீராய்டு என்று கேட்டதும் அந்த இடத்தில் மறுக்காதீர்கள். சளியே இல்லாமல், நிலக்கடலையோ பொட்டுக்கடலையோ தின்றுகொண்டிருந்த பிள்ளைக்குத் திடீரென்று புரையேறி, அதன்பின் இருமல் விடவே இல்லை என்றால் கடலை மூச்சுக்குழாயில் போயிருக்கலாம். எக்ஸ்ரேயில் கடலை தெரியாது. புரையேறிய அந்தச் சம்பவத்தை நீங்கள் சொன்னால்தான் டாக்டருக்குத் தெரியும்.

நிமோனியாதான் உண்மையில் அஞ்ச வேண்டியது. வேகமான மூச்சு, நெஞ்சு குழிதல், விடாத காய்ச்சல் என்று அது வரும். இங்கேதான் ஆன்டிபயாடிக் உயிர் காக்கும். வீட்டில் வைத்துக் கொடுக்கக்கூடிய அளவில் இருந்தால் முதல் மருந்து அமாக்ஸிசிலின். பழைய மருந்து, விலை குறைவு, பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஐந்து நாள் போதும். காது வலித்துச் சீழ் பிடிப்பது, சளி பத்து நாள் தாண்டியும் சிறிதும் குறையாமல் இருப்பது, நன்றாகத் தேறிவந்த பிள்ளைக்கு மறுபடி அதிகக் காய்ச்சல் வருவது போன்றவற்றிலும் டாக்டர் ஆன்டிபயாடிக் பற்றி யோசிப்பார். தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வரும் புண் மூன்று வயதுக்குள் அரிது. மற்றபடி சாதாரணச் சளிக்கும் இருமலுக்கும் அஸித்ரோமைசினோ செஃபிக்ஸிமோ கொடுத்தால் வைரஸுக்கு ஒன்றும் ஆகாது. பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வரும், குடலிலுள்ள கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் பழகும். உண்மையிலேயே நிமோனியா வரும் நாளில் எளிய மருந்து வேலை செய்யாமல் போகும் அபாயத்தை நாமே வளர்க்கிறோம். உங்கள் மகளுக்குக் கொடுத்த நான்கு முறையும் தேவையற்றது என்று நான் சொல்ல மாட்டேன். அன்று அவள் காதும் நெஞ்சும் எப்படி இருந்தன என்பதை அந்த டாக்டர்தான் பார்த்தார். ஆனால் அடுத்த முறை, எந்த இடத்தில் பாக்டீரியா தொற்று இருக்கிறது என்று கேளுங்கள். இரண்டு நாள் பொறுத்துப் பார்க்க முடியுமா என்றும் கேளுங்கள். எங்கள் தொழிலில் பலர், மருந்து எழுதாவிட்டால் பெற்றோர் வேறு டாக்டரிடம் போய்விடுவார்கள் என்று எழுதுகிறார்கள். காத்திருக்கத் தயார் என்று நீங்களே சொன்னால் அந்தப் பேச்சே மாறிவிடும். சென்ற முறை மிஞ்சிய பாட்டிலை மட்டும் ஒருபோதும் எடுக்காதீர்கள்.

இருமல் சிரப் விஷயத்தில் நான் சற்றுக் கடுமையாகவே பேசுவேன். சிறு பிள்ளைகளின் இருமலை அவை குறைப்பதாக நம்பத்தகுந்த ஆதாரம் கிடையாது. குளோர்ஃபெனிரமினும் ஃபீனைலெஃப்ரினும் கலந்த சளி மருந்தை நான்கு வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை 2023 டிசம்பரில் அறிவித்தது. 2025-இல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்கள் குடித்த சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அதில் டை எத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு ஏறக்குறைய பாதியளவு கலந்திருந்தது. அந்த அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறை, இரண்டு வயதுக்குள் இருமல், சளி மருந்துகளை எழுதவே வேண்டாம், ஐந்து வயதுக்குள் பொதுவாகத் தேவையில்லை என்று எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது. கலப்படம் இல்லாத சிரப்பாக இருந்தாலும் உங்கள் மகள் வயதில் அதனால் கிடைக்கும் பலன் ஒன்றுமில்லை. ஒரு வயது கடந்த பிள்ளைக்குப் படுக்கப்போகும்போது அரை தேக்கரண்டி முதல் ஒரு தேக்கரண்டி வரை தேன் கொடுங்கள். இருமலுக்கு உருப்படியான ஆதாரம் இருப்பது அதற்குத்தான். ஒரு வயதுக்குள் மட்டும் தேனே கூடாது, நாக்கில் தொட்டு வைப்பதும் கூடாது. பாட்டுலிசம் என்ற கொடிய வாதநோய் வரலாம்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும், ஆனால் பாட்டிலைப் படித்துவிட்டுக் கொடுங்கள். அளவு கிலோவுக்கு 15 மில்லிகிராம். 12 கிலோ பிள்ளைக்கு 180 மில்லிகிராம். கடையில் மூன்று விதமாக விற்கிறது. 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் அவளுக்கு 7.5 மில்லி. 5 மில்லியில் 250 உள்ளது என்றால் 3.6 மில்லி. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 100 இருக்கிறது, அதில் 1.8 மில்லி. ‘போன தடவை ஒன்றரை மூடி கொடுத்தோம்’ என்று பாட்டில் மாறியது தெரியாமல் அதே அளவை ஊற்றினால் இரண்டு, நான்கு மடங்கு மருந்து உள்ளே போய்க் கல்லீரலைத் தாக்கும். தாத்தா, பாட்டி, ஆயா என்று மூன்று பேர் மாறி மாறிப் பார்த்துக்கொள்ளும் வீட்டில் ஒரு தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவிடுங்கள். இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி, நாளுக்கு நான்கு முறைக்கு மேல் வேண்டாம். பெங்களூருவில் மழைக்காலம் டெங்குக் காலமும்தான்; டெங்கு இல்லை என்று தெரியும்வரை ஐபுப்ரோஃபென், மெஃபனமிக் அமிலம் என்ற காய்ச்சல் மருந்துகள் வேண்டாம். நிமசுலைடு 12 வயதுக்குக் கீழ் 2011 முதலே இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. எந்தக் கடைக்காரர் கொடுத்தாலும் திருப்பிக் கொடுங்கள்.

நெபுலைசருக்கும் மான்டிலூகாஸ்டுக்கும் வருகிறேன், ஏனென்றால் சந்தேகங்கள் அதிகம் உள்ள இடம் இது. இந்த வயதில் சளி பிடிக்கும்போதெல்லாம் சில பிள்ளைகளுக்கு நெஞ்சில் விசில் சத்தத்துடன் மூச்சிரைக்கும். அதில் யாருக்கு ஆஸ்துமாவாக நிலைக்கும், யாருக்கு ஐந்தாறு வயதில் தானாக விலகும் என்று முன்கூட்டிச் சொல்ல நல்ல வழி இன்றைக்கும் இல்லை. அப்பா அம்மாவுக்கு ஆஸ்துமா, பிள்ளைக்குத் தோலில் கரப்பான், சளி இல்லாத நாட்களிலும் ஓடினால் சிரித்தால் இரைப்பு என்றால் ஆஸ்துமா பக்கம் சாய்வோம். விசில் சத்தம் இருக்கும்போது, மூச்சுக்குழாயை விரிக்கும் சால்புட்டமால் மருந்து பலன் தரும். வெறும் இருமலுக்கும் மூக்கடைப்புக்கும் நெபுலைசர் வைப்பதால் பயனில்லை, இதயம் படபடக்கும் அவ்வளவுதான். தேவைப்படுகிற பிள்ளைக்கும், முகமூடி பொருத்திய ஸ்பேசர் குழாயும் இன்ஹேலரும் நெபுலைசருக்குச் சமமாக வேலை செய்யும்; மின்சாரம் வேண்டாம், ஊருக்குப் போகும்போது பையில் போட்டுக்கொள்ளலாம். மான்டிலூகாஸ்ட் சாதாரணச் சளியைத் தடுக்காது. தூக்கத்தில் அலறல், எரிச்சல், நடத்தை மாற்றம் போன்றவை அதனால் வரலாம் என்று 2020-இல் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு அதன் மேல் கடும் எச்சரிக்கை வைத்தது. ராத்திரி அழுது எழுகிறாள் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். இருமலால் இருக்கலாம், இந்த மருந்தாலும் இருக்கலாம். எதற்காக இது, எத்தனை நாளைக்கு என்று உங்கள் டாக்டரிடம் இந்த வாரமே கேளுங்கள். போகும்போது அவள் இரைக்கும் நேரத்தில் எடுத்த முப்பது விநாடி வீடியோ ஒன்று கையில் இருந்தால், நீங்கள் பத்து நிமிடம் விவரிப்பதைவிட எங்களுக்கு அது உதவும்.

மாமியாரின் கைவைத்தியத்தில் பாதியை நான் மனதார ஆதரிக்கிறேன். வெதுவெதுப்பான ரசம், கஞ்சி, கற்பூரவள்ளி இலைச் சாறு ஒரு தேக்கரண்டி தேனில், துளசித் தண்ணீர் எல்லாம் கொடுக்கலாம். வைரஸை அவை விரட்டும் என்று நிரூபணம் இல்லை, ஆனால் தொண்டைக்கு இதமாக இருக்கும், உடம்பில் நீர் குறையாது. மூக்கு அடைத்திருந்தால் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் முன் சலைன் (உப்புநீர்) சொட்டு விடுங்கள். மறுபாதியை அன்பாகத் தடுத்துவிடுங்கள். மூக்கில் நல்லெண்ணெய் விட்டால் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி, எந்த ஆன்டிபயாடிக்குக்கும் அடங்காத ஒரு நிமோனியாவை உண்டாக்கும். கற்பூரம் காய்ச்சிய எண்ணெயும் தைலமும் இரண்டு வயதுக்குள் கூடாது. அதற்கு மேலும் மூக்கருகே தடவக் கூடாது. வாயில் போனால் சிறிதளவு கற்பூரமே வலிப்பு வரவழைக்கும். கொதிக்கும் நீரில் போர்வை போர்த்தி ஆவி பிடிப்பதால் வெந்துபோய் வரும் பிள்ளைகளை எல்லா ஆஸ்பத்திரிகளும் பார்க்கின்றன. சளி எடுக்கிறேன் என்று தொண்டைக்குள் விரல் விடுவதும் ஊதி எடுப்பதும் வேண்டவே வேண்டாம்.

பிரைமரி காம்ப்ளக்ஸ் என்று நம் வீடுகளில் சொல்வது குழந்தைகளுக்கு வரும் காசநோயைத்தான். உலகின் காசநோயாளிகளில் ஏறக்குறைய கால்பங்கு இந்தியாவில் இருப்பதால் உங்கள் மாமியாரின் அச்சத்தை நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால் அடிக்கடி வந்து முழுதாகத் தேறிவிடும் சளி காசநோயின் போக்கு இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் ஒருநாளும் விடாத இருமல் அல்லது காய்ச்சல், எடை குறைவது அல்லது ஏறாமல் நிற்பது, வீட்டிலோ பணியாளர்களிலோ யாருக்காவது காசநோய், இவைதான் எங்களைத் தேடவைக்கும். காசநோய்த் தொற்றை அறியத் தோலில் போடும் மான்டூ ஊசி தடித்துவிட்டது என்பதை மட்டும் வைத்து ஆறு மாத மருந்தைத் தொடங்கக் கூடாது. எக்ஸ்ரேயும், முடிந்தால் சளியிலோ இரைப்பை நீரிலோ கிருமி இருக்கிறதா என்ற சோதனையும் வேண்டும். எதிர்ப்பு சக்திக் குறையும் அப்படித்தான். ஆண்டுக்கு இரண்டு முறை நிமோனியா, நான்கு முறையோ அதற்கு மேலோ காதில் சீழ், ஊசி வழி ஆன்டிபயாடிக் இல்லாமல் தீராத தொற்றுகள், வளர்ச்சி குன்றுவது இருந்தால் ரத்தச் சோதனை செய்து பார்ப்போம். சளி நடுவே விடும் நாட்களில் உங்கள் மகள் ஓடி ஆடுகிறாள், எடை ஏறியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது எனக்கு நல்ல செய்தி. தினமும் இரவில் குறட்டை, வாய் திறந்தே தூங்குவது இருந்தால் மட்டும் மூக்கின் பின்புறமுள்ள அடினாய்டு சதையில் வீக்கம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

எதிர்ப்பு சக்தி சிரப்புகள், துத்தநாக மருந்து, புரோபயாடிக் பொடி பற்றியும் கேட்டிருந்தீர்கள். இவற்றில் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. வைட்டமின் டி குறைவாக இருக்கும் பிள்ளைக்கு அதைச் சரிசெய்வதால் சிறிது பலன் இருக்கலாம். மற்றவற்றுக்குக் காசு செலவழிப்பதைவிட ஒரு முட்டை கொடுக்கலாம். வைரஸின் பெயரைக் கண்டுபிடிக்கும் விலையுயர்ந்த மூக்குச் சோதனையும் பெரும்பாலும் வேண்டாம். 2025 ஜனவரியில் பெங்களூருவில் இரண்டு கைக்குழந்தைகளுக்கு எச்எம்பிவி என்ற வைரஸ் தொற்று என்று செய்தி வந்ததும் ஊரே அலறியது, எங்கள் கிளினிக் தொலைபேசி ஓயவில்லை. அந்த வைரஸ் 2001-இலேயே கண்டறியப்பட்டது. அதற்கு முன்பும் பின்பும் நம் பிள்ளைகளிடம் சளியாக வந்துபோய்க்கொண்டுதான் இருக்கிறது. பெயர் தெரிவதால் சிகிச்சை மாறுவதில்லை.

நிச்சயமாகப் பலன் தரும் ஒன்று தடுப்பூசி அட்டையில் இருக்கிறது. அதை எடுத்துப் பாருங்கள். நிமோனியாவை உண்டாக்கும் ஹிப் பாக்டீரியாவுக்கான மருந்து அடங்கிய பென்டாவேலன்ட் ஊசி 6, 10, 14 வாரங்களில் போட்டிருக்க வேண்டும். அரசுத் திட்டத்தில் அது முதலில் வந்தது 2011 டிசம்பரில், தமிழ்நாட்டிலும் கேரளாவிலும். நிமோனியாவுக்கு எதிரான நியூமோகாக்கல் ஊசி 2017-இல் சில மாநிலங்களில் தொடங்கி 2021-இல் நாடு முழுவதும் வந்தது. 6 வாரம், 14 வாரம், 9 மாதம் என்று அரசு சுகாதார மையங்களில் இலவசம். தட்டம்மை ஊசி இரண்டும், ஒன்றரை வயது டிபிடி பூஸ்டரும் விடுபட்டிருந்தால் இப்போதும் போடலாம். இன்ஃப்ளூயன்சா (ஃப்ளூ) ஊசி அரசுத் திட்டத்தில் இல்லை, தனியாரிடம்தான் போட வேண்டும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை ஆண்டுக்கொருமுறை போட இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் பரிந்துரைக்கிறது. உங்கள் மகளுக்கு இதுதான் முதல் முறை என்றால் நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி. அது எல்லாச் சளியையும் நிறுத்திவிடாது. ஃப்ளூ ஒன்றைத்தான் தடுக்கும், அதையும் முழுமையாக இல்லை. இங்கே ஃப்ளூ மழையோடு வருவதால் ஏப்ரல், மே மாதங்களில் போட்டுக்கொள்வது நல்லது. இந்த ஆண்டு அது தவறிப்போயிருந்தால், அடுத்து டாக்டரைப் பார்க்கும்போதே இப்போது போடலாமா என்று கேட்டுவிடுங்கள். லேசான மூக்கொழுகல் இருப்பது ஊசியைத் தள்ளிப்போடக் காரணமாகாது.